தேராது தெளிதல்: கண்கண்ட சாட்சியின் நம்பகமும் தமிழ்க் காப்பிய மரபும்

முன்னுரை

குற்ற வழக்கொன்றில் ‘அவன் இவனே’ என்று ஒரு சாட்சி கூண்டில் நிற்பவரைச் சுட்டிக் கூறும்பொழுது, அச்சொல் பிற சான்றுகளுக்கு எளிதில் வாய்க்காத ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. கூறுபவர் பொய்யராயின் குறுக்கு விசாரணை அவரை வெளிப்படுத்தக்கூடும். அவர் நேர்மையாளராக இருந்து, கண்டதில் பிழைபட்டிருப்பின் அவ்வாய்ப்பு மிகவும் குறைவு. அவருடைய நேர்மையே அவருடைய பிழைக்கு அரணாக நின்றுவிடுகிறது. எனவே கண்கண்ட சாட்சி பற்றிய சிக்கல் பொய் பற்றிய சிக்கல் மட்டுமன்று. அது அறிவின் வாயில்கள் பற்றிய சிக்கலுமாகும்.

இச்சிக்கலைத் தமிழ்க் காப்பியங்கள் எவ்வாறு உணர்ந்திருந்தன என்பதையும், இக்காலக் குற்றவியல் சட்டம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும் ஒருங்கு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிலப்பதிகாரம், மணிமேகலை, பெரியபுராணம் ஆகிய மூன்றும் இலக்கியச் சான்றுகளாகக் கொள்ளப்பெற்றுள்ளன. ‘இக்காலச் சட்டக் கருத்துகள் யாவும் பண்டே நம்மிடம் இருந்தன’ என நிறுவுவது இங்கு நோக்கமன்று. அவை எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு இடைவெளி நிற்கிறது என்பதைக் காண்பதே பயனுடையது.

சாட்சி, கரி, சான்று

வழக்கில் கூறப்படும் உறுதிமொழிக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் மூன்று. ‘சாட்சி’ என்பது வடசொல்லின் வழிவந்தது. அதன் பகுதியிலேயே கண் இருக்கிறது. கண்ணோடு உடன் இருந்தவன் சாட்சி. ‘கரி’ பழந்தமிழ்ச் சொல். திருக்குறளிலும் சான்று என்னும் பொருளில் ஆளப்பெற்றுள்ளது. ‘சான்று’ என்பது ‘சால்’ என்னும் வேரினின்று பிறந்தது. நிறைதல், அமைதல், தகுதல் என்பன அதன் பொருள்கள். சான்றோர் என்னும் சொல்லும் அவ்வேரிலிருந்தே கிளைத்தது.

முதற்சொல் ஒருவன் கண்டான் என்பதை மட்டுமே உணர்த்துகிறது. மூன்றாவது சொல்லோ, சொல்லப்பட்டது நிறைவுடையதா, தகுதியுடையதா என்னும் வினாவைத் தன்னுள் கொண்டுள்ளது. கண்டதெல்லாம் சான்றாகிவிடுமா என்னும் வினா இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவில் அடங்கியிருக்கிறது எனலாம்.

மணிமேகலை கூறும் காட்சி இலக்கணம்

மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி அறிவின் வாயில்களை வகுத்துரைக்கிறான். அவற்றுள் முதலாவது காட்சி. அக்காட்சி பிழையற்றதாக அமைய வேண்டிய நிலைமைகளை அவன் அடுக்கிச் சொல்வது இங்குக் கருதத்தக்கது. காண்பவனுடைய உயிரும் பொறியும் மனமும் ஊறுபடாமல் இருத்தல் வேண்டும். ஒளி போதிய அளவு இருத்தல் வேண்டும். காணப்படும் பொருளும் அது நிற்கும் இடமும் பழுதின்றி அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் காட்சி அளவையாகாது.

காட்சி முதலிய அளவைகளைப் போலத் தோன்றி அறிவை மயக்கும் போலிகள் எட்டு என்றும் அவன் பட்டியலிடுகிறான். அவற்றுள் நான்கு நம் ஆய்வுக்கு நேராக உதவுவன. ஏதோ ஒரு பொருள் உள்ளது என்ற அளவில் மட்டும் காண்பது சுட்டுணர்வு. தறியோ மகனோ என இரண்டிடத்தும் நிற்பது ஐயம். வெளியில் நிற்கும் தறியை ஆராயாமலே மகன் என்று உறுதிகொள்வது தேராது தெளிதல். காரணம் எதுவுமின்றி, ‘இவர் நின் தாய், இவர் நின் தந்தை’ எனப் பிறர் சொன்னதைக் கொண்டு அவ்வாறே கருதிக்கொள்வது நினைப்பு.

இப்பட்டியலில் பொய் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எட்டும் நேர்மையாகக் காண்பவனுக்கு நேரும் பிழைகளே. தறியை மகன் என்று கண்டவன் யாரையும் ஏமாற்ற முயலவில்லை, அவனே ஏமாந்திருக்கிறான். ஐயத்தில் நிற்பவனால் வரும் கேடு குறைவு. அவன் தன் ஐயத்தைச் சொல்லிவிடுவான். ஐயத்தைக் கடந்துவிட்டதாக எண்ணித் தேராமலே தெளிந்தவனால்தான் கேடு பெரிது. திருக்குறளில் ஓர் அதிகாரத்திற்குத் தெரிந்துதெளிதல் எனப் பெயர் அமைந்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஆராய்தல் முன், தெளிதல் பின் என்னும் வரிசை அறிவுக்கும் அரசுக்கும் பொதுவானது என்பதை இவ்விரு நூல்களும் உணர்த்துகின்றன.

கொலைக்களத்தில் நின்ற சாட்சிகள்

அவ்வரிசை தலைகீழானால் விளைவது யாது என்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை காட்டுகிறது. கோவலன் கொலையுண்டதற்குப் பொற்கொல்லனின் பொய்யே காரணம் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அது உண்மையே எனினும் முழு உண்மை அன்று. காதையைப் படிநிலைகளாகப் பகுத்து நோக்கினால், ஒரு பொய்யைச் சுற்றிப் பல நேர்மையான பிழைகள் அணிதிரள்வதைக் காணமுடிகிறது.

முதற்படியில் நிற்பவன் பொற்கொல்லன். சிலம்பின் அடையாளத்தை உறுதிசெய்யும் தொழிலறிவு உடையவன் அவன். இக்கால வழக்கில் கூறினால் வல்லுநர் சாட்சி. கோப்பெருந்தேவியின் சிலம்பைத் தானே கவர்ந்து வைத்திருப்பவனும் அவனே. ஆதலின் வழக்கின் முடிவில் தன்னலம் உடையவன்.

இரண்டாம்படியில் நிற்பவன் பாண்டியன். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த வேளையில் அவன் ஆணையிடுகிறான். அவ்வாணை நிபந்தனையோடு கூடியது: தேவியின் சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் கொல்க என்பதே அதன் பொருள். சிலம்பு தேவியினுடையதுதானா என்று உறுதிசெய்ய வேண்டியவர் யார் என்பதை அவன் சொல்லவில்லை. அவ்விடைவெளியில் பொற்கொல்லன் புகுந்துகொள்கிறான். அவ்விடத்து மன்னனைக் குறிக்க இளங்கோவடிகள் ஆளும் சொல் ‘தேர்’ என்னும் வினையின் எதிர்மறை என்பதை நோக்குதல் வேண்டும். பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி அவனை விளிக்கும் முதற்சொல்லும் அவ்வினையின் எதிர்மறையே. மணிமேகலை அறிவின் குற்றமாகச் சொன்ன ஒன்றைச் சிலப்பதிகாரம் அரசின் குற்றமாகச் சொல்கிறது. இரண்டிற்கும் வேர்ச்சொல் ஒன்று.

மூன்றாம்படியில் நிற்பவர் காவலர். அவர்கள் கோவலனைக் கண்டதும், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கின்றனர். முடிவு சரியானது, ஆனால் அதற்கு அவர்கள் கொண்ட வழி தோற்றத்தின் இலக்கணம் மட்டுமே. தோற்றத்தைக் கண்டு ஒருவனைக் குற்றமற்றவன் என்று கூறுவதும், தோற்றத்தைக் கண்டு குற்றவாளி என்று கூறுவதும் முறையளவில் ஒன்றே. ஆதலின் அவர்களுடைய சரியான முடிவு பொற்கொல்லனின் சொல்வன்மைக்கு முன் நிற்கமுடியாமற் போகிறது. மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்கு உரிய எட்டுத் துணைகளை அவன் விரிக்கிறான். கள்வர் பற்றிய பழங்கதையைக் கூறுகிறான். கோவலன் என்னும் தனிமனிதன் மெல்ல மறைந்து, ‘கள்வன்’ என்னும் பொதுவுரு அவனிடத்தில் வந்து நிற்கிறது.

அவ்வுருவுக்கு உயிர் கொடுப்பவன் இளைய காவலன் ஒருவன். மழைக்கால நள்ளிரவில், ஊர் உறங்கிய பொழுதில், நீல உடையணிந்த ஒருவன் தன்முன் தோன்றியதையும், தான் வாளை உருவ அவன் அதைப் பற்றிக்கொண்டதையும், பின்னர் எத்திசையிலும் அவனைக் காணமுடியாமற் போனதையும் அவன் கூறுகிறான். இக்கூற்று உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அதில் ஒளி இல்லை. மனம் அச்சத்தால் ஊறுபட்டிருக்கிறது. முகம் பற்றிய ஒரு சொல்லும் இல்லை. மணிமேகலையின் சொல்லால் கூறினால் அது வெறும் சுட்டுணர்வு. அன்று கண்டவன் இவனே என்று அக்காவலன் சொல்லவுமில்லை. எனினும் அன்று தப்பியவன்மீது கொண்ட அச்சம் இன்று முன்னிற்பவன்மீது ஏறிவிடுகிறது. மன்னன் தங்களை ஒறுப்பான் என்னும் அச்சமும் உடன் சேர்கிறது. அதன்பின் கல்லாத, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசுகிறான்.

ஓரிடத்தில் கண்ட உருவை வேறிடத்தில் கண்ட முகத்தோடு மனம் தன்னையறியாமல் இணைத்துவிடுவது உண்டு என்பதை 20ஆம் நூற்றாண்டின் உளவியலார் விரிவாக ஆராய்ந்தனர். இளைய காவலனின் கதையை அதனோடு முற்றிலும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் பழைய அச்சத்தின் நினைவு புதிய மனிதன் ஒருவனின் தீர்ப்பாக மாறும் வழியை இளங்கோவடிகள் நுட்பமாகக் கண்டிருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

பூதமும் பொய்க்கரியும்

சிலப்பதிகாரம் பொய்ச்சாட்சியை அறியாத நூல் அன்று. புகாரின் சதுக்கப்பூதம் விழுங்கும் தீயோருள் பொய்க்கரியாளரும் ஒருவர். அடைக்கலக் காதையில் மாடலன் கூறும் நிகழ்ச்சியில், பத்தினி ஒருத்திமேல் பொய்க்கரி கூறியவனைப் பூதம் பற்றுகிறது. அவனுடைய தாயின் துயர் கண்டு கோவலன் தன் உயிரை ஈடாகத் தர முன்வருகிறான். பூதம் அதை ஏற்க மறுக்கிறது. பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனுக்காக உயிர்தர முன்வந்தவனே பின்னர்ப் பொய்ச்சாட்சியால் உயிரிழக்கிறான் என்பது காப்பியத்தின் உள்ளமைந்த அவலமாகும்.

எனினும் பூதத்தின் ஆட்சி எல்லைக்குட்பட்டது. அது பொய்யனைத் தண்டிக்கும். பிழைபடக் கண்டவனை என்ன செய்வது என்பது அதன் அதிகாரத்திற்கு அப்பாற்பட்டது. மதுரையில் நிகழ்ந்தது பொய் ஒன்றும் பிழைகள் பலவும். பிழையைத் தண்டனையால் தடுக்க இயலாது. முறையால் மட்டுமே தடுக்க இயலும். வழக்குரை காதை அம்முறையைக் கொலைக்குப் பின் காட்டுகிறது. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். பரலைக் காணும் அச்சோதனை சில நொடிகளுக்குரியது. அது முன்னரே நிகழ்ந்திருப்பின் மதுரை எரிந்திராது. தன் குற்றத்தை ஏற்கும் பாண்டியனும் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டதையே தன் பிழையாகக் கூறுகிறான். பிறர் சொல்லக் கருதுதலாகிய ‘நினைப்பு’ என்னும் போலி அளவைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

வெண்ணெய்நல்லூர் அவையம்

இதற்கு மறுதலையாக, முறைப்படி நடந்த வழக்கொன்றைச் சேக்கிழார் காட்டுகிறார். 12ஆம் நூற்றாண்டில் சோழ அரசில் அமைச்சராக விளங்கியவர் அவர் என்பது மரபு. தடுத்தாட்கொண்ட புராணத்தில் சுந்தரர் தமக்கு அடிமை என்று முதிய அந்தணர் ஒருவர் வழக்குரைக்கிறார். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவையத்தின் முன் வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு அவையத்தார் கேட்கின்றனர்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, காட்சி என்பது வெறுமனே சொல்லப்படாமல் ‘அயலார்’ காட்சி என அடைபெற்று வருகிறது. வழக்கில் தொடர்பற்றவன் கண்டதே காட்சி. பொற்கொல்லன் போன்றவன் அவ்வரையறைக்குள் வரமாட்டான். இரண்டாவது, ஆவணம் காட்டப்பட்ட பின்னும் அவையம் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. படியோலை கிழிக்கப்பட்டதால் மூலவோலை கொண்டுவரப்படுகிறது. கரணத்தான் அதனைப் படிக்கிறான். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலை வருவிக்கப்பட்டு எழுத்து ஒப்புநோக்கப்படுகிறது. அதன்பின்னரே அவையம் தெளிகிறது. தேர்ந்து தெளிதலுக்குத் தமிழிலக்கியத்தில் கிடைக்கும் சிறந்த காட்சிகளுள் இது ஒன்று.

இவ்வழக்கு உரிமை பற்றியது. கோவலன் வழக்கு குற்றம் பற்றியது. ஓலையை ஓலையோடு ஒப்பிடும் முறை இங்குக் காட்டப்படுகிறது. மனிதனைக் கண்டவனின் நினைவை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கு, நாம் எடுத்துக்கொண்ட மூன்று நூல்களின் அளவில், விடை இல்லை. இதுவே முன்னுரையில் குறித்த இடைவெளி.

இலண்டன் வழக்கு ஒன்று

இந்தியாவில் அவ்விடைவெளியை நிரப்ப வந்த சட்டம் ஆங்கில மரபின் வழியது. ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த இந்தியச் சாட்சியச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்தது 1892இல். மணிமேகலைப் பதிப்பு 1898இல். இவ்விரு பதிப்புகளுக்கும் இடைப்பட்ட 1896ஆம் ஆண்டில், ஆங்கில மரபின் தலைநகரிலேயே கண்கண்ட சாட்சியின் குறைபாடு வெளிப்படத் தொடங்கியது.

பெண்களை ஏமாற்றி நகை பறித்ததாக அடால்ஃப் பெக் என்பவர்மீது இலண்டனில் வழக்குத் தொடரப்பட்டது. ஏமாற்றப்பட்ட பெண்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக அவரை அடையாளம் காட்டினர். 1877இல் இதே வகைக் குற்றத்திற்காக ஜான் ஸ்மித் என்னும் பெயரில் ஒருவன் தண்டிக்கப்பட்டிருந்தான். இரு காலத்துக் கடிதங்களும் ஒரே கையெழுத்தில் அமைந்தவை என்றும், 1877இல் பெக் தென்னமெரிக்காவில் இருந்தார் என்றும் நிறுவ எதிர்த்தரப்பு முயன்றது. அது வழக்குக்குப் புறம்பானது என்று நீதிபதி அச்சான்றை அனுமதிக்கவில்லை. பெக் ஏழாண்டுத் தண்டனை பெற்றார். ஸ்மித் விருத்தசேதனம் செய்யப்பட்டவன் என்பதும் பெக் அவ்வாறு செய்யப்படாதவர் என்பதும் 1898இல் ஆவணங்கள்வழித் தெரியவந்தன. அதன்பின்னும் அவர் விடுவிக்கப்படவில்லை. 1901இல் வெளிவந்த அவர், 1904இல் அதே வகைக் குற்றத்திற்காக மீண்டும் அடையாளம் காட்டப்பட்டு மீண்டும் குற்றவாளி எனத் தீர்ப்பிடப்பட்டார். அவர் காவலில் இருந்தபொழுதே உண்மைக் குற்றவாளி பிடிபட்டான். இவ்வழக்கு எழுப்பிய கண்டனம் 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைவதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வழக்கில் அடையாளம் காட்டிய பெண்கள் பொய்யர் அல்லர், உண்மையாகவே ஏமாற்றப்பட்டவர்கள். அவர்களுடைய எண்ணிக்கை பிழையைக் குறைக்கவில்லை, பெருக்கியது. வெண்ணெய்நல்லூர் அவையம் கேட்டுப் பெற்ற எழுத்து ஒப்பீட்டை இலண்டன் நீதிமன்றம் வாயிலிலேயே நிறுத்தியது. எழுத்து ஒப்பீடும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. இதே வழக்கில் கையெழுத்து வல்லுநர் தாம் தவறியதைப் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் ஒரு சான்றை மற்றொரு சான்றால் உரசிப் பார்க்கும் வாய்ப்பையே அடைத்துவிடுவது வேறு வகைப் பிழை. எச்சான்று ஏற்கத்தக்கது என்னும் வினாவும், எச்சான்று நம்பத்தக்கது என்னும் வினாவும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

இந்தியச் சட்டத்தில் அடையாளம் காட்டல்

குற்றம் நிகழ்ந்த நாளில் குற்றம் சாட்டப்பட்டவர் வேறிடத்தில் இருந்தார் என்பது தொடர்புடைய செய்தியாகும் என்பதை 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தெளிவாக ஏற்றது. அதன் எடுத்துக்காட்டில் கல்கத்தாவும் லாகூரும் இடம்பெற்றிருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அவ்விடத்தைச் சென்னையும் லடாக்கும் பெற்றுள்ளன. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும், கண்டதைக் கண்டவரே கூறவேண்டும் என்னும் விதியும், ஒரு செய்தியை நிறுவ இத்தனை சாட்சிகள் வேண்டும் என்னும் வரையறை இல்லை என்னும் விதியும் பழைய சட்டத்திலிருந்து புதிய சட்டத்திற்குத் தொடர்ந்து வந்துள்ளன.

இறுதியாகக் கூறிய விதிக்கு விளக்கமாக அமைந்தது தமிழ்நிலத்து வழக்கொன்றில் எழுந்த தீர்ப்பாகும். வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநில அரசு என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957இல் சாட்சிகளை மூவகைப்படுத்தியது: முற்றிலும் நம்பத்தக்கவர், முற்றிலும் நம்பத்தகாதவர், இவ்விரண்டிலும் அடங்காதவர். மூன்றாம் வகையினர் கூற்றுக்கே வேறு சான்றின் துணை இன்றியமையாதது. சாட்சிகளை எண்ணுதல் கூடாது, எடைபோடுதல் வேண்டும் என்பது இதன் சாரம். பெக் வழக்கில் நிகழ்ந்தது எண்ணுதல்.

முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காட்டும் வழக்குகளில் எடைபோடும் கருவியாக அமைந்தது அடையாள அணிவகுப்பு. நீதித்துறை நடுவர் முன்னிலையில், ஐயத்துக்குரியவர் அவரை ஒத்த தோற்றமுடைய பிறரோடு நிறுத்தப்படுகிறார். அதற்கு முன் சாட்சி அவரைக் காணாதவாறு காக்கப்படவேண்டும். காலம் தாழ்த்தாமல் நடத்தப்படவேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதற்கெனத் தனிப்பிரிவு சேர்க்கப்பட்டது. இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒரு போலி அளவையைத் தடுக்க முயல்வதைக் காணலாம். ஒத்த தோற்றமுடையவரை உடன் நிறுத்துவது தேராது தெளிதலைத் தடுக்க. முன்னரே காட்டாமல் காப்பது நினைப்பைத் தடுக்க. விரைந்து நடத்துவது நினைவு திரிவதைத் தடுக்க.

நீதிமன்றங்கள் இதில் ஒரே சீராக நின்றன என்று கூற இயலாது. முன்பின் அறியாத ஒருவரை அணிவகுப்பு எதுவுமின்றி முதன்முதலாக நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவது பயனற்றது என்று கணன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979இல் கூறியது. நீதிமன்றத்தில் காட்டும் அடையாளமே அடிப்படைச் சாட்சியம், அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே, அது நடத்தப்படாமையால் சாட்சியம் ஏற்கத்தகாததாகிவிடாது என்று மல்கான்சிங் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் 2003இல் கூறியது. தடா சட்டம் ஒளிப்படம் பார்த்து அடையாளம் காட்டுவதற்கு அணிவகுப்புக்குச் சமமான மதிப்பை அளித்திருந்தது. அப்பிரிவைக் கர்தார் சிங் வழக்கில் 1994இல் நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளியது. ஏற்கத்தக்கது எது என்பதில் சட்டம் நெகிழ்ந்தும், நம்பத்தக்கது எது என்பதில் நீதிபதியின் ஆராய்ச்சியை வேண்டியும் நிற்பதை இத்தீர்ப்புகள் காட்டுகின்றன. இங்கிலாந்தில் 1976இல் டர்ன்புல் வழக்கின் தீர்ப்பு, சாட்சி எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவிலிருந்து, எத்தகைய ஒளியில், தடையின்றிக் கண்டாரா என்று ஆராயுமாறு பணித்தது. மணிமேகலையின் காட்சி இலக்கணத்தைப் பயின்றவர்க்கு இவ்வினாக்கள் புதியன அல்ல.

முடிவுரை

தமிழ்க் காப்பிய மரபு பொய்க்கரியை ஒறுக்கப் பூதத்தைப் படைத்தது. பிழைக்காட்சியை உணர்த்த அளவையியலைக் கையாண்டது. ஆவணத்தைச் சோதிக்க அவையத்தைக் காட்டியது. பிழைக்காட்சி பற்றிய அளவையியல் அறிவு குற்ற விசாரணையின் முறையாக உருப்பெற்றதை இந்நூல்களில் காணமுடியவில்லை. மெய்ப்பொருள் ஆராய்ந்த அரங்கில் அவ்வறிவு நின்றது. கொலைக்களத்திற்கு அது வந்து சேரவில்லை. அந்த இல்லாமையையே சிலப்பதிகாரம் தன் அவலமாகக் கொண்டது எனலாம். அடையாள அணிவகுப்பு முதலிய இக்கால முறைகள் அவ்விரண்டையும் இணைக்கும் முயற்சிகளாகும். அவையும் முழுமை பெற்றுவிடவில்லை.

அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டோர் வழக்குகளுள் பெரும்பாலானவற்றில் பிழையான கண்சாட்சி இடம்பெற்றிருந்தமை ஆராயப்பட்டுள்ளது. பரல் தெறித்த பின்னரே சிலம்பின் உண்மை தெரிவது மதுரைக்கு மட்டும் உரிய நிகழ்ச்சி அன்று. ஆதலின் கண்டவரின் நேர்மையை ஐயுறாமலே அவருடைய காட்சியை ஐயுறும் பழக்கம் நீதி வழங்குவோர்க்கு வேண்டும். அது சாட்சியை இழிவுபடுத்துவதாகாது. கண்டதைச் சான்றாக நிறைவிப்பதாகும். தேர்தல் முன்னும் தெளிதல் பின்னுமாக அமையும் அவ்வரிசையைக் காப்பது, கூண்டில் நிற்கும் ஒருவரின் உயிரையும் உரிமையையும் காப்பதாகும்.